துஷ்டிக்குப் போனவர்

வலது கால் மறுபடியும் தரையை அமுக்கிக்கொண்டிருப்பதைக் கொம்பையா அப்போதுதான் கவனித்தார். வக்கீல் வீட்டு மாடியில், ஜூனியர் பெண்ணின் மேஜைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறது, சவத்துக் கால். இழுத்துப் பின்னால் மடக்கி வைத்தார். கொஞ்ச நேரம் மடங்கிக் கிடக்கும், பிறகு அதுபாட்டுக்கு நீளும். அந்த நாளிலிருந்து இப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் அமுக்கும், கோயிலில் கும்பிட்டு நின்றால் அமுக்கும். அமுக்க வேண்டிய நேரத்தில் அமுக்கியதா என்றால், ஐயோ, அமுக்கியது, அமுக்கத்தான் செய்தது, வண்டி நின்றது, நின்ற இடம்தான் சரியில்லை. பக்கத்தில் பேச்சித்தாய் தீர்ப்பு நகல் இருந்த மஞ்சப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிடுங்கிக்கொண்டு ஓட யார் வரப்போகிறார்கள்? அசட்டையாகப் பஸ் ஓட்டி ஒரு உயிரைப் போக்கினார் என்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஓராண்டு ஜெயில் போட்டாயிற்று. அப்பீல் போட அவகாசம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பீலும் போச்சு என்றால் உள்ளே போக வேண்டியதுதான். வேலை போகும், பென்சன் போகும், காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தே தேய்ந்த இடுப்பு ஒன்றுதான் மிச்சம். "தண்ணி குடிக்கேளா?" என்றாள் பேச்சித்தாய். வேண்டாம் என்று தலையாட்டினார். உள்ளே ஞானதிரவியம் வக்கீல் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கோர்ட் விட்டு வந்து இன்னும் கழுத்துப்பட்டையைக் கழற்றவில்லை. பாளையங்கோட்டையிலேயே அப்பீலுக்கு இவரை விட்டால் ஆள் கிடையாது என்று யூனியனில் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். மனுஷர் சிரிக்கிறார். சிரிக்கிறவர்தான் காப்பாற்றுவார் போலும். அழுகிறவனை வைத்து என்ன செய்ய.

தலைக்கு மேல் காத்தாடி ஒரு சுற்றுக்கு இரண்டு டிக் போட்டது. டிக் டிக். இரண்டு விசில் என்றால் எடுக்கலாம். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தான், அவர் எடுத்தார். அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை, சாமி சத்தியமாக இல்லை. புளியடி விலக்கு நிறுத்தத்தில் ஆள் ஏறியாயிற்று, படியில் பையன்கள் தொங்குகிறார்கள், இரண்டு விசில், கிளட்ச், கியர், வண்டி நகர்கிறது. அதற்கு முந்தி கண்ணாடியைப் பார்த்தோமா? பார்த்தோம். இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை, அது கண்ணே செய்யும், மனுஷன் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடியில் நீலமாக ஏதோ இருந்தது. அது முந்தியா, பிந்தியா? அங்கேதான் முள் குத்துகிறது. முந்தி என்றால் பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார். பிந்தி என்றால் வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்திருக்கிறாள், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. முந்தியா, பிந்தியா. நீலத் தாவணியா, துப்பட்டாவா, என்ன இழவோ, அந்தப் பிள்ளைக்கு நீலம்தான் அதிகம். தினமும் விலக்கை ஒட்டிய சந்திலிருந்து கடைசி ஆளாக ஓடிவருவாள், செண்பகா, கல்லூரிக்குப் போகிற பிள்ளை, ஒரு கையில் பை, ஒரு கை தூக்கி ஆட்டிக்கொண்டு. கண்டக்டர் முனகுவான். "ஒங்க மருமவ வருதா, நிப்பாட்டும் அண்ணாச்சி" என்பான். அவரும் நிப்பாட்டுவார். கண்ணாடியில் அவள் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எடுப்பார். ஏறியதும் முன்னால் பார்த்து, "தேங்க்ஸ் டிரைவர் மாமா" என்று ஒரு கத்தல். அது ஒரு பழக்கமாகிப் போச்சு. முந்தின வாரம் தாமதமாக வந்ததற்கு டிப்போவில் மெமோ கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு மனசுக்குள் மெமோ ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சந்துப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் ஒருநாள் விட்டால் புத்தி வரட்டும் என்று நினைத்தோமா? சே, அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் தெரியாதா? மனுஷனுக்குத் தன் மனசு தெரியாமலா போகும்? அவருக்குத் தெரியவில்லை. பின்சக்கரம் ஏறியபோது ஒரு சின்ன மேடு ஏறி இறங்கின மாதிரித்தான் இருந்தது. அவ்வளவுதான், ஒரு பிள்ளை அவ்வளவுதான் இருந்தது. போலீஸ் கேட்டது, டிப்போ விசாரணை கேட்டது, கோர்ட் கேட்டது, எத்தனையோ கேட்டார்கள். கண்ணாடியில் பார்த்தது முந்தியா பிந்தியா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிந்தி என்றுதான் சொல்லியிருப்பார். கால் மறுபடியும் நீண்டுவிட்டது. மடக்கினார்.

"மூணாம் நாளு போயிருக்கக் கூடாது" என்றாள் பேச்சித்தாய் திடீரென்று, சுவரைப் பார்த்துக்கொண்டு. அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ. "நான் அன்னைக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?" யாரும் கேட்கவில்லைதான். ஜாமீனில் வந்த மறுநாள் குளித்து முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு மாலையை வாங்கிக்கொண்டு துஷ்டி கேட்கப் போய்விட்டார். தெரிந்தவன் வீட்டில் சாவு விழுந்தால் துஷ்டிக்குப் போகாமல் இருப்பானா ஒருத்தன்? கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் கேட்டுக்கொள்ளலாம், சாவுக்குப் போகாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு. ஆனால் சாவு தன் சக்கரத்தில் விழுந்திருந்தால் போகலாமா கூடாதா என்று யார் சொல்லி வைத்தார்கள்? அதற்கு ஊரில் முறை கிடையாது. போனார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு நிமிஷம் யார் என்று தெரியாமல் கையைத் தொட்டுத் துக்கம் கொடுத்தார்கள், பிறகு ஒருவர் காதில் ஒருவர் சொல்ல, எல்லாக் கையும் அப்படியே நின்றது. ஒரு பயல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "ஏலே, கீழ வைலே! துஷ்டிக்கு வந்தவரு மேல கை வைக்கவா ஒன்ன நான் வளத்தேன்?" அதட்டினவர் செண்பகாவின் அப்பா பால்துரைதான். கொத்தனார், சுண்ணாம்பு தின்ற விரல்கள். அந்தக் குரலைக் கேட்டதும் கொம்பையா நேரே அவரிடம் போனார். விழுந்தார். விழுந்து அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "என் கையாலயே போச்சே அண்ணாச்சி, நானே கொன்னுட்டேனே" என்று கதறினார். கதறினதா, அது தானாக வந்தது. சாவு வீட்டில் அப்படித்தான் வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கூட நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்றுதான் மாரில் அடிப்பாள், அவளைப் பிடித்து ஜெயிலில் போடுவார்களா? பால்துரை அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிங்க டிரைவரே. அவ விதி." உள்ளே இருந்து செண்பகாவின் அம்மா வந்தாள், அழுது அழுது முகமே இல்லை. ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தால், மெதுவாகச் சொன்னாள். "நீங்க நிப்பாட்டுவீங்கன்னுதாம்யா ஓடுனா."

அந்த ஒரு சொல்லை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பேச்சித்தாயிடம்கூட. அந்த அம்மாவும் கோர்ட்டில் சொல்லவில்லை, அவளைக் கூண்டில் ஏற்றவேயில்லை. நிப்பாட்டுவீங்கன்னு. நிப்பாட்டாத டிரைவராக ஒருத்தன் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஓடியே இருக்காது, அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கும், இன்றைக்கு எங்காவது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். நல்லவன் என்று பேர் வாங்கினது எமனாகப் போச்சு. அன்றைக்கு அந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறபோதும் ஒரு கூத்து. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் வர வேண்டும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாரேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு துஷ்டி வரும் என்று அர்த்தம். அவரோ வாசல் தாண்டும்போது வாய் தவறி, "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதைத்தான் கடித்தார், வேறு என்ன செய்ய? பால்துரை வாசல் வரை வந்து, "அதனால என்ன, வாங்க. எப்பவும் வாங்க" என்றார். எப்பவும் வாங்க. மகளைக் கொன்றவனிடம். அப்படி ஒரு மனுஷனைப் பார்க்க முடியுமா? பார்த்தார். கோர்ட்டிலும் பார்த்தார். அரசாங்க வக்கீல் கேட்டார், டிரைவர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று. பால்துரை கூண்டில் கைகட்டி நின்று, "வந்தாரு சார், நல்ல மனுஷன், எவன் சார் வருவான்? வந்து கால்ல விழுந்து, என் கையாலயே போச்சே, நானே கொன்னுட்டேனேன்னு அழுதாரு" என்றார். புகழ்ந்துதான் சொன்னார்! இவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு இவரைப் பார்த்து லேசாகத் தலையைக்கூட ஆட்டினார். நீதிபதி எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன் என்பதை எழுதவில்லை, மற்றதை எழுதிக்கொண்டார்.

"வாங்க, சார் கூப்பிடுதாங்க" என்றாள் ஜூனியர். பேச்சித்தாய் சட்டென்று எழுந்தாள். உள்ளே ஞானதிரவியம் தீர்ப்பு நகலை ஏற்கெனவே படித்திருந்தார், ஜெராக்ஸ் எடுத்து அங்கங்கே கோடு போட்டு வைத்திருந்தார். "உக்காரும் வே. அம்மா, நீங்களும் உக்காருங்க. கேஸ் ஒண்ணும் மோசம் கெடையாது பாத்துக்கிடுங்க. படியில தொங்குன பயலுவ சாட்சிய மாத்தி மாத்திச் சொல்லியிருக்கானுவ. வண்டி வேகமாப் போச்சுங்கான் ஒருத்தன், மெதுவாப் போச்சுங்கான் ஒருத்தன். அதெல்லாம் வச்சு ஊதித் தள்ளிரலாம். ஆனா இது இருக்கே." கோடு போட்ட இடத்தில் விரலால் தட்டினார். "நீரே போயி கொன்னுட்டேன்னு சொன்னீருன்னு. சரி, அது அந்த ஆளு சொன்னதுன்னு வச்சுக்கிடுவோம். கடைசில ஜட்ஜ் ஒம்ம கூப்பிட்டு, சாட்சி இப்படிச் சொல்லுதாரு, என்ன சொல்லுதீருன்னு கேட்டாரே, அப்ப என்ன சொல்லணும்? பொய் சாட்சி. ஊரு உலகத்துல எல்லாவனும் அதத்தான் வே சொல்லுவான். நீரு என்ன சொல்லியிருக்கீரு?" கொம்பையா தரையைப் பார்த்தார். கால் அமுக்கிக்கொண்டிருந்தது. மற்ற கேள்விக்கெல்லாம் பொய் என்றுதான் சொன்னார், யூனியன் வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி. அந்த ஒன்றுக்கு மட்டும், எதிரே பெஞ்சில் பால்துரை உட்கார்ந்திருந்தார், அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் என்று எப்படிச் சொல்ல? "உண்மைதான் ஐயா" என்றார். "உண்மைதான் ஐயான்னு சொல்லியிருக்கீரு!" வக்கீல் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அரிச்சந்திரன் பேரனா வே நீரு?"

பேச்சித்தாய்தான் கேட்டாள். "சார், துக்க வீட்டுல எல்லாரும் சொல்லுததுதானே சார். அத எடுத்துச் சொல்ல முடியாதா?" "முடியும்மா. எழுதத்தான் போறேன். ஆறுதலுக்குச் சொன்னது, குத்தத்த ஒத்துக்கிட்டது ஆகாதுன்னு. ஆனா அது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஒரு ஜட்ஜ் கேப்பாரு, இன்னொருத்தரு கேக்க மாட்டாரு. நிக்கணும்னா ஒரே வழிதான்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவரு தானாப் போகல. அந்தப் பொண்ணோட சொந்தக்காரனுவ வந்து கூட்டிட்டுப் போயிருக்கானுவ. அங்கன வச்சு மெரட்டியிருக்கானுவ. கால்ல விழு, ஒத்துக்கோன்னு. உயிருக்குப் பயந்து சொன்னாரு. கோர்ட்டுலயும் அந்தப் பயத்துல ஆமான்னாரு. அப்பதைய வக்கீல் அத எடுத்துச் சொல்லாம விட்டுட்டாரு. இப்ப தண்டனைய நிறுத்தி வைக்கச் சொல்லி மனு போடுதோம்லா, அதுல இவரு அபிடவிட்ல இத சத்தியமா சொல்லணும். மெரட்டுன ஆளு பேரு வேணும். அப்பன் பேரையே போட்டுருவோம், அவருதான சாட்சி." அப்பன் பேர். கொம்பையாவுக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது, பந்தலில் தூக்கிய நாற்காலி. தூக்கினவன் பேர்கூடத் தெரியாது. கீழே வைக்கச் சொன்னவர் பேர்தான் தெரியும். "அப்படி நடக்கல சார்" என்றார். குரல் தனக்கே கேட்கவில்லை. "என்ன?" "அப்படி நடக்கல சார். அவருதான் தடுத்தாரு." ஞானதிரவியம் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. முகத்தில் ஒரு களைப்பு வந்தது, தினமும் இதே பேச்சு கேட்கிறவரின் களைப்பு. "பாரும் கொம்பையா. நடந்தது நடக்காததுன்னு நான் ஒம்மகிட்ட கேக்கல. எது நிக்கும்னு ஒமக்குச் சொல்லுதேன். ஒமக்குச் சம்மதமில்லன்னா மத்ததை வச்சு எழுதுதேன், பலன் கெடைக்கலன்னா என்னய வந்து கேக்கக் கூடாது. வெளிய உக்காந்து ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

வெளியே வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சித்தாய் அவர் கையைப் பிடித்தாள், ஜூனியர் பெண் பார்க்கிறாள் என்றும் பார்க்காமல். "ஒங்கள உள்ள அனுப்பிட்டு நான் வீட்டுல உலை வைக்கவா?" அவ்வளவுதான் கேட்டாள். பால்துரை என்ன உறவா, ஒட்டா? போன பிள்ளை வரப்போகிறதா? அவர் பேரை எழுதினால் அவரைப் பிடித்து உள்ளே போடப்போகிறார்களா, ஒரு காகிதத்தில் ஒரு வரி, அவர் படிக்கக்கூட மாட்டார். படிக்காமல் இருப்பாரா? யாராவது சொல்லுவார்கள். ஊரில் நல்ல சேதிக்குத்தான் கால் கிடையாது. ஒருநாள் டீக்கடையில் யாராவது சொல்லுவார்கள், ஒன்ன ரவுடின்னு எழுதிக் குடுத்திருக்கானே அந்த டிரைவர் என்று. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அப்படியா என்பார். ஏசமாட்டார். ஏசிவிட்டால் பரவாயில்லை, அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொள்வார். ஜெயில் எப்படி இருக்கும்? பாளையங்கோட்டை ஜெயில் சுவரை ஒட்டி எத்தனையோ தரம் வண்டி ஓட்டிப் போயிருக்கிறார், உள்ளே என்ன இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இந்த வயசில், சர்க்கரை வியாதியோடு, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று. ஆண்டவா, பயமாக இருந்தது, வெட்கங்கெட்ட பயம். அந்தப் பயத்தில் ஒரு நிமிஷம் அவருக்கே தோன்றியது, நிஜமாகவே மிரட்டினார்களோ? நாற்காலி தூக்கினானே. கூட்டமாகத்தானே இருந்தார்கள். பயந்துதானே விழுந்தோம்? முந்தியா, பிந்தியா என்று கண்ணாடியைப் பற்றித் தெரியாதவனுக்கு, இது மட்டும் எப்படித் தெரியும்? இப்படி நினைக்க நினைக்க அந்தப் பந்தலும் மாறத்தான் செய்தது, அந்த முகங்களும் கோணின. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கிய கை. அந்த இடம் இப்போதும் சுடுகிறது. "சரி" என்றார் கொம்பையா. "சரின்னு சொல்லு வக்கீல்கிட்ட."

வக்காலத்தில் முதலில் கையெழுத்து. அது எளிதாகப் போயிற்று. பிறகு ஜூனியர் பெண் அபிடவிட்டை டைப் செய்து கொண்டுவந்து வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கீழே போடச் சொன்னாள். அவர் படிக்கவில்லை. கண் தன்னால் ஒரு வரியில் போய் விழுந்தது, "மேற்படி பால்துரை என்பவர் என் தோளைப் பிடித்து இழுத்து". தோளைப் பிடித்து என்று நான் சொல்லவேயில்லையே, இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எல்லா அபிடவிட்டிலும் தோளைப் பிடித்துத்தான் இழுப்பார்கள் போலிருக்கிறது. கொ. கொம்பையா என்று போட்டார். ஸ்டியரிங் பிடித்த கை, கோணாமல் போட்டது. "அவ்வளவுதான், கவலப்படாமப் போங்க. கோர்ட்டுல அப்பீலுக்கு நம்பர் ஆனதும் சொல்லி அனுப்புதேன்" என்றார் வக்கீல். "போயிட்டு வாரோம் சார்" என்று பேச்சித்தாய் கும்பிட்டாள், முகம் தெளிந்திருந்தது. கொம்பையா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். படி இறங்கும்போது அவள் கேட்டாள். "ஏங்க, அவ்வளவு செய்யுதாரு வக்கீல் சாரு, ஒரு வாரேன் சொல்லிட்டு வரக் கூடாதா?"

"கூடாது பேச்சி" என்றார். "துஷ்டி வீட்டுல சொல்லக் கூடாது."

கீழே வந்தபோது எதிர்ப்பக்க நிறுத்தத்தில் அவர்கள் ஊர்ப் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு விசில் கேட்டது. வண்டி நகர ஆரம்பித்தது. பேச்சித்தாய் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினாள். "ஓடாத!" கொம்பையாவுக்குத் தொண்டை கிழிந்தது. "ஓடாத பேச்சி, ஓடாத!" அவள் ஓடிக்கொண்டே திரும்பி, சிரித்த முகமாக, "நிப்பாட்டுவாருங்க" என்றாள். டிரைவர் நிப்பாட்டத்தான் செய்தான். அவள் படியில் ஏறி நின்றுகொண்டு வாங்க வாங்க என்று கூப்பிட்டாள், டிரைவரும் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். கொம்பையா நடுரோட்டில் வலது காலால் தாரை அமுக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கால் எடுக்க வரவில்லை.